இருபத்தேழாம் நம்பர் வாட்ச்சின் முதுகு

சேந்தனூரில் கைக்கடிகாரங்களுக்கெல்லாம் முதுகில் கீறல் விழுந்த வருஷம் மழை ஒழுங்காகப் பெய்தது, வெங்காய விலை இறங்கியது, பேருந்து நிலையத்துக்குப் புதுக் கூரை போட்டார்கள், அதனால் ஊர்க்காரர்களிடம் அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால் கீறலை நாலாவதாகத்தான் சொல்வார்கள். எதையும் மூன்று நாளைக்கு மேல் அதிசயமாக வைத்துக்கொள்ளத் தெரியாத ஊர் அது. ஆனால் நகராட்சித் துப்புரவு மேஸ்திரி தனுஷ்கோடியிடம் கேட்டால் அவருக்கு மழையும் தெரியாது, வெங்காயமும் தெரியாது. அந்த வருஷம் முழுக்க அவர் கண்டது பதினோரு கீறல் மட்டும்தான், ஏனென்றால் அவை முதன்முதலில் விழுந்தது அவர் மணிக்கட்டில்.

அதற்கு முந்தின பங்குனியில்தான் துப்புரவுப் பணியாளர்கள் நாற்பத்திரண்டு பேருக்கும் நகராட்சி ஸ்மார்ட் வாட்ச் கொடுத்தது. கட்டியிருக்கிற ஆள் எந்தத் தெருவில் நிற்கிறார், எத்தனை எட்டு வைத்தார், நெஞ்சு எத்தனை தடவை அடித்தது என்று எல்லாவற்றையும் அது ஆபீஸில் ஒரு திரைக்குச் சொல்லிக்கொடுக்கும். பத்து நிமிஷம் ஆடாமல் அசையாமல் நின்றால் அந்த ஆளின் பெயருக்கு நேரே சிவப்பு விழும், மூன்று சிவப்பு விழுந்தால் அரை நாள் சம்பளம் போகும். ஜனங்கள் எதற்கும் ஒரு வழி கண்டுபிடிப்பவர்கள் இல்லையா, ஒரே மாசத்தில் இதற்கும் கண்டுபிடித்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவள் தன் வாட்ச்சைப் பக்கத்துத் தெருக்காரி கையில் கட்டிவிட்டு ஓடுவாள், ரேஷன் கடை வரிசையில் நிற்க வேண்டியவன் கூட்டாளி கையில் கட்டிவிட்டுப் போய் நிற்பான், சில நாள் ஒருத்தி கையில் முழங்கை வரைக்கும் ஐந்து வாட்ச் ஏறியிருக்கும், அவள் ஐந்து பேருக்கும் சேர்த்து நடப்பாள். இதற்கு ‘வாட்ச்சை நடக்க விடுறது’ என்று பெயர். மேஸ்திரிக்கு இதெல்லாம் தெரியும், தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொள்வார். அதனால் அவருக்கு நல்ல மனுஷர் என்று பெயர் இருந்தது, அந்தப் பெயர் அவருக்குப் பிடித்தும் இருந்தது.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. மறுநாள் கவுன்சிலரின் கல்யாண மண்டபத்தில் பெரிய முகூர்த்தம். மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டு நாற்றம் பந்திக்கூடம் வரைக்கும் வந்துவிட்டது, கழிவு உறிஞ்சுகிற லாரியின் குழாய் பாதிக்கு மேல் இறங்க மாட்டேன் என்கிறது. ஆளை உள்ளே இறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டம் மேஸ்திரியின் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியும் இருக்கிறது. தனுஷ்கோடி குருவையாவைக் கூப்பிட்டார். முப்பத்தாறு வயசு, ஒல்லி உடம்பு, எந்தச் சந்திலும் நுழைந்து வருகிற ஆள், மேஸ்திரி சொன்னால் மறுபேச்சு பேசாதவன். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டான். வாட்ச் நனையக் கூடாது, இருபத்தேழாம் நம்பர் வாட்ச், அதைக் கழற்றி மேஸ்திரியின் வலது கையில் அவனே கட்டிவிட்டான். கயிற்றை யார் பிடிப்பார்கள் என்று ஒரே ஒரு தடவை கேட்டான். டிரைவர் பிடிப்பான் என்றார் இவர். டிரைவர் அந்த நேரம் லாரிக்குப் பின்னால் போனில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

வாட்ச் நடக்க வேண்டும், நின்றால் சிவப்பு விழும். அந்தத் தொட்டியைச் சுற்றியே அவர் நடந்திருக்கலாம். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, வட்டமாக, செக்கு மாடு மாதிரி நடந்திருக்கலாம், வாட்ச்சுக்கு அது போதும். இதைத்தான் பிறகு அந்த வருஷம் பூராவும் அவர் நினைத்து நினைத்துச் செத்தார். நாற்றம் தாங்காமல்தான், காலையிலிருந்து டீ குடிக்கவில்லை என்றுதான், மண்டபத்துப் பின்சுவரைத் தாண்டினால் டீக்கடை என்றுதான் அவர் போனார். இந்தா ஒரு ரவுண்டு போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று குழிக்குள் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனார். உள்ளேயிருந்து சரிண்ணே என்று குரல் வந்தது.

டீக்கடையில் உட்கார முடியாது, எட்டு குறைந்துவிடும். அதனால் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்து, வலது கையை வீசிக்கொண்டே இடது கையால் வடை தின்றார், பார்த்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அப்போதுதான் வாட்ச்சுக்கு அடியில், தோலை ஒட்டின இடத்தில், ஒன்று கீறியது. கீழேயிருந்து மேலே. வலிக்கவில்லை, அரிப்பு மாதிரிதான் இருந்தது. வேர்க்குரு என்று நினைத்தார். இன்னொன்று கீறியது. அவர் பட்டைக்கு அடியில் விரலை விட்டுச் சொறிந்துகொண்டு ரெண்டாவது வடை எடுத்தார். மொத்தம் பதினோரு தடவை கீறியது, கடைசி மூன்றும் குட்டை, வலுவே இல்லாமல். அதற்குப் பிறகு கீறவில்லை. கழற்றித் திருப்பிப் பார்த்தார். பளபளவென்றிருந்த வாட்ச்சின் முதுகில் பதினோரு கோடு. தோலைத் தவிர வேறெதுவும் படாத இடத்தில் கோடு எப்படி வந்தது என்று யோசிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை, ஆபீஸ் சாமானில் கீறல் விழுந்துவிட்டதே, எவன் கேள்வி கேட்பானோ என்றுதான் தோன்றியது. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

டிரைவர் இன்னும் போனில்தான் இருந்தான். கயிறு தரையில் கிடந்தது. ரெண்டு பேருமாக இழுத்து மேலே போட்டபோது குருவையாவின் நகமெல்லாம் சிமெண்டும் பாசியும் அடைந்திருந்தது. தொட்டியின் உள்சுவரில் நகம் இழுத்த கோடுகள் தெரிந்தன. தனுஷ்கோடி எண்ணவில்லை. எண்ண வேண்டியிருக்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டு வாய்க்குள் வந்துவிடும்போல இருந்தது, அந்த அடியையெல்லாம் வலது கையிலிருந்த இருபத்தேழாம் நம்பர் ஒன்றுவிடாமல் ஆபீஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஞாபகம் வந்து அதைக் கழற்றிக் குருவையாவின் கையில் திரும்பக் கட்டினார். கட்டியதும் திரையில் நெஞ்சடிப்பு நின்றது.

இப்படியாகத் தனுஷ்கோடியின் பயம் குருவையாவின் மாரடைப்பு ஆயிற்று. பதினொன்றே முக்கால் வரைக்கும் கடைவீதியில் நடந்திருக்கிறான், நெஞ்சு தாறுமாறாக அடித்திருக்கிறது, நின்றுவிட்டது, கடிகாரமே சொல்கிறது, கடிகாரம் பொய் சொல்லுமா என்று சுகாதார இன்ஸ்பெக்டர் சொன்னார். மண்டபமும் கடைவீதியும் அந்தத் திரையில் ஒரே புள்ளிதான். தண்ணீர் அடித்துக் கழுவி, வேறு சட்டை மாட்டி, லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு அடைத்துக்கிடந்த இரும்புக்கடை வாசலில் சுருண்டு விழுந்தான் என்று எழுதினார்கள், கீழே மேஸ்திரி கையெழுத்துப் போட்டார். டிரைவர் அடுத்த மாசமே திருப்பூருக்குப் போய்விட்டான். மறுநாள் மண்டபத்தில் கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது, சாப்பாடு பிரமாதம் என்று ஊரே சொன்னது.

குருவையா பெண்டாட்டி கொண்டம்மாளுக்கு அவன் வேலையையே கொடுத்தார்கள், அவன் தள்ளுவண்டியையும், அவன் வாட்ச்சையும். அவர்கள் தெருவில் ஒரு முறை உண்டு. திடீரென்று போனவருக்கு உயிர் எந்த இடத்தில் பிரிந்ததோ அந்த இடத்தில் வாரம் ஒரு தடவை பால் ஊற்ற வேண்டும், வருஷத் தெவசத்தன்று கடைசிப் பாலை ஊற்றிப் போய்வா என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு ஊற்றக் கூடாது, ஆள் நிம்மதியாகக் கிளம்பிவிடுவார். இடம் தப்பினால் அவர் அங்கேயே காத்துக்கொண்டிருப்பார். அதனால் கொண்டம்மாள் வியாழன்தோறும் காலையில் வேலைக்கு முந்தி இரும்புக்கடை வாசலில் ஒரு சொம்புப் பால் ஊற்றினாள். இரும்புக்கடைக்காரர் தங்கமான மனுஷர், அந்த இடத்தில் சைக்கிளை நிறுத்தாதே என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வார். பால் ஊற்றிவிட்டு அவள் மேஸ்திரியிடம் வந்து கையெழுத்துப் போடும்போது, மண்ணு உறிய மாட்டேங்குது அண்ணே, ஊத்துனது ஊத்துனபடி சாக்கடைக்கு ஓடிருது, கனவுலயும் வர மாட்டேங்குறாரு என்பாள். அவர் ரிஜிஸ்டரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். எத்தனையோ தடவை சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தார், திறந்த வாயால் மார்க்கெட் பக்கம் குப்பை நிறைய இருக்கு, சீக்கிரம் போ தாயி என்று சொன்னார். கோழைதான். வேறென்ன சொல்ல.

மேஸ்திரிக்கு அடுத்தபடி கீறலைக் கவனித்தது அவள்தான். கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற உதுமான் பாயிடம் கொண்டுபோனாள். அவர் பற்பசை வைத்துத் தேய்த்தார், பாலிஷ் போட்டார், முகம் பார்க்கிற அளவுக்கு ஆக்கிக் கொடுத்தார். காலையில் பார்த்தால் அதே பதினோரு கோடு, அதே இடத்தில், கீழேயிருந்து மேலே. உதுமான் பாய் மூன்று தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு, இது என் கையில் அடங்குகிற காரியம் இல்லை என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அடுத்த வாரம் இருபத்தெட்டாம் நம்பரிலும் இருபத்தாறிலும் விழுந்தது. ஐப்பசிக்குள் துப்புரவு வாட்ச் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் விழுந்தது, தீபாவளிக்கு முந்தின நாள் இன்ஸ்பெக்டர் வாட்ச்சில் விழுந்தது, பிறகு கவுன்சிலரின் தங்க முலாம் வாட்ச்சில், பேங்க் மேனேஜரின் வாட்ச்சில், பெண்கள் பள்ளித் தலைமையாசிரியையின் சாவி கொடுக்கிற பழைய வாட்ச்சில், மாமனார் வீட்டில் மாப்பிள்ளைக்கு வாங்கி ஒட்டுப் பிரிக்காமல் வைத்திருந்த புது வாட்ச்சில். பெட்டியை உடைத்துத் திருப்பிப் பார்த்தால் பதினோரு கோடு, கடைசி மூன்றும் குட்டை.

மூன்று நாள் ஊர் இதையே பேசியது. நாலாவது நாள் பழகிவிட்டது. பேன்சி ஸ்டோரில் வாட்ச் முதுகுக்கு ஒட்ட மயில் படம் போட்ட ஸ்டிக்கர் வந்தது, சரஞ்சரமாக விற்றது. பதினோராம் இடம் லாப ஸ்தானம், ஊருக்கு யோகம்தான் என்று ஜோசியர் சொன்னார், அதை நம்பி நாலு பேர் கடை திறந்தார்கள். வாட்ச் கொடுத்த கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ‘பயன்பாட்டுத் தேய்மானம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார், ஏறும்போது மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே ஏறினார். பால்வாடியில் பிள்ளைகள் எண்ணப் படித்ததே அதில்தான், அதனால் சேந்தனூர்ப் பிள்ளைகள் பத்தோடு நிறுத்தாது, பதினொன்று வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடும். வெளியூரில் பெண் எடுத்தவர்கள், எங்க ஊர் வாட்ச் இப்படித்தான் இருக்கும், தப்பாக நினைக்காதீங்க என்று சம்பந்திகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். என்ன கீறல் என்று யோசித்தவர்கள் இருந்தார்கள், யாருடைய கீறல் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

தை மாசம் நகராட்சியில் கணக்கெடுப்புக்காக எல்லா வாட்ச்சையும் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தபோதுதான் தெரிந்தது, ஊரிலேயே ஒரே ஒரு வாட்ச்சில் மட்டும் கீறல் இல்லை. ஒன்றாம் நம்பர். மேஸ்திரி தனுஷ்கோடியுடையது. முதுகு வழவழவென்று, இப்போதுதான் கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. அப்பழுக்கில்லாத மனுஷர், கை சுத்தம் மனசு சுத்தம், அதனால்தான் அவரை அண்டவில்லை என்று முதலில் சொன்னது யாரென்று தெரியாது, சொல்லி முடிக்குமுன் ஊருக்கே அது தெரிந்திருந்தது. அஸ்திவாரத்துக்கு முதல் செங்கல் வைக்கக் கூப்பிட்டார்கள். பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டக் கூப்பிட்டார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் சீட்டு எடுக்க அவர் கைதான் வேண்டும் என்றார்கள். முன்னே பின்னே இவரை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரச் சொல்லாதவர்கள்கூட நாற்காலி போட்டு, வாட்ச்சைத் திருப்பிக் காட்டச் சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவர் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஆணியை எடுத்து அந்த முதுகைக் கீறுவார். ஆணியால் கீறினார், செங்கல்லில் தேய்த்தார், மனைவி பவளக்கொடியின் தேங்காய்த் துருவியில் வைத்து அறுத்தார், நெருப்புப் பொறி பறந்தது. காலையில் வழவழவென்று இருந்தது. அவள் துருவியின் பல் மழுங்கியதைப் பார்த்துவிட்டு என்ன செய்தீங்க என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். அவள் நம்பவில்லை, ஆனால் மேற்கொண்டு கேட்கவும் இல்லை. அந்த வீட்டில் அதற்குப் பிறகு சிரிப்புச் சத்தம் குறைந்துபோயிற்று.

கீறிவிடு, என்னையும் கீறிவிடு என்று அவர் குருவையாவிடம் வேண்டாத நாளில்லை. எல்லார் கையிலும் வந்து கூப்பிடுகிறவன் தன் கையில் மட்டும் கூப்பிடாமல் இருப்பதற்கு அவருக்கு அர்த்தம் தெரிந்தது. ஒரு தடவை கூப்பிட்டாயிற்று, இனி இவரைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டான்.

மறு ஆவணி வந்தது. தெவசத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது கொண்டம்மாள் மேஸ்திரி முன்னால் வந்து நின்றாள். ஊரில் எல்லாரும் நல்ல காரியத்துக்கு அவர் கையைக் கேட்கிறார்கள், நானும் கேட்கிறேன் என்றாள். ஐம்பது வாரத்துக்கு மேல் ஊற்றியும் ஒரு நாளாவது மண் குடித்ததில்லை, தன் கையில்தான் ஏதோ குற்றம் இருக்கிறது, கீறல் விழாத அவர் கையால் கடைசிப் பாலை ஊற்றினால் குருவையா ஏற்றுக்கொண்டு கிளம்பிவிடுவார் என்றாள். தன் கையில் குற்றம் என்று அவள் சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சரியென்று தலையை ஆட்டினார்.

தெவசத்தன்று வேலை நாள்தான். காலை பத்து மணிக்கு இரும்புக்கடை வாசலில் தெருக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள், கடைக்காரர் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். கொண்டம்மாள் சொம்பை அவர் கையில் கொடுத்தாள். பால் இன்னும் கதகதவென்று இருந்தது. அவர் குனிந்தார். சொம்பைச் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான், சாய்த்துவிட்டால் கதை முடிந்தது, இனி எந்த வியாழக்கிழமையும் யாரும் வந்து நிற்க மாட்டார்கள், குருவையா மண்டபத்துக்குப் பின்னால் என்றென்றைக்கும் காத்துக்கொண்டு கிடப்பான், இவர் ஊருக்கு அப்பழுக்கில்லாதவராகச் செத்துப்போகலாம். ஒரு சொட்டு விளிம்பு வரைக்கும் வந்து நின்றது.

"இங்க இல்ல தாயி" என்றார்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

"அவன் இங்க சாகல."

சொம்பைத் திருப்பி அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். அவள் பின்னாலேயே வந்தாள், தெருக்காரர்களும் வந்தார்கள். சந்து வழியாக, டீக்கடையைத் தாண்டி, மண்டபத்துப் பின்வாசலுக்குப் போனார். மறுநாள் அங்கே முகூர்த்தம். தொட்டியின் மூடிமேல் சாக்கை விரித்து உட்கார்ந்து நாலு பெண்கள் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் எந்திரிங்கம்மா என்றார். மேஸ்திரி சொன்னதும் மரியாதையாக எழுந்து தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றார்கள். அவர் கடப்பாறை போட்டு மூடியை நகர்த்தினார். எல்லாவற்றையும் சொன்னார், கயிற்றை, வாட்ச்சை, டிரைவரை, இரும்புக்கடை வாசல் என்று எழுதிய பேப்பரை. பந்திக்கூடத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மண்டப மேனேஜர் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டு வந்தவன் தெருக்காரர்களின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான். கொண்டம்மாள் அழவில்லை. தன் கையிலிருந்த இருபத்தேழாம் நம்பரைத் திருப்பிப் பார்த்தாள், அப்புறம் குழிக்குள் எட்டி அந்தச் சுவரைப் பார்த்தாள். ரெண்டையும் ரெண்டு மூன்று தடவை மாறி மாறிப் பார்த்தாள்.

"பதினோரு தடவ கூப்பிட்டாரா அண்ணே?"

"ஆமா தாயி."

"கடைசியாக் கூப்பிட்டப்ப நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

வாட்ச்சை நடக்க விட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான்.

"வடை தின்னுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

வாழைக்காய் சீவிய பெண்களில் ஒருத்தி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். கொண்டம்மாள் மண்டியிட்டுச் சொம்பைத் தன் கையாலேயே சாய்த்தாள், அவரிடம் கொடுக்கவில்லை. பால் சுவர் வழியாகக் கீழே இறங்கியது, அந்தக் கோடுகள்மேல் இறங்கியது, இறங்கியது தெரியாமல் சுவரே அதைக் குடித்துக்கொண்டது. அவள் சொம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரைக்கும் விட்டாள். போய்வா என்று இன்னும் சொல்லவில்லை. எழுந்து, கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றி மேஸ்திரியிடம் நீட்டினாள்.

"ஒரே இடத்துல நின்னா சிவப்பு விழுந்துரும்லண்ணே. நீங்க இதக் கட்டிக்கிட்டு நடங்க. நான் இங்க நிக்கிறேன்."

அவர் அதை வலது கையில் கட்டிக்கொண்டார். அதே பட்டை, அதே ஓட்டை. அவள் தொட்டியின் விளிம்பில், போன வருஷம் கயிறு கிடந்த இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் நடந்தார். சந்தில் திரும்பும்போது வாட்ச்சுக்கு அடியில் ஒன்று கீறியது, கீழேயிருந்து மேலே. டீக்கடைக்காரர் வடை சூடா இருக்கு மேஸ்திரி என்றார், அதற்குள் இன்னொன்று கீறியது. இரும்புக்கடை வாசலில் மூன்று. பேங்க் முக்கில் ஐந்து. கண்ணில் தண்ணீர் வந்து வழி தெரியவில்லை, தெரிந்த வழிதானே, நடந்தார். நகராட்சி ஆபீஸ் படியேறும்போது எட்டு. கடைசி மூன்றும் குட்டையாக, வலுவே இல்லாமல், ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவில் வெகுநேரம் விட்டு வந்தன. இந்தத் தடவை அவர் சொறியவில்லை. பதினோராவது வந்தபோது இன்ஸ்பெக்டரின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்ன மேஸ்திரி என்று கேட்டபடி இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கினார்.

"குருவையா கடைவீதியில சாகலங்க சார்" என்றார் தனுஷ்கோடி. "பேப்பர் எடுங்க, முதல்ல இருந்து சொல்றேன்."